முகப்பில் குழாய் தெரியாத வீடுகள்

அக்டோபர் 7, திங்கள்

காலை 6: கஞ்சி 150 மி.லி. 8: மாத்திரைகள். 10: இளநீர் 100. சிறுநீர் 400, தெளிவு.

இந்த நோட்டு இதற்குத்தான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ராபின்சனுக்குப் பக்கவாதம் வந்து பதினொரு வாரம் ஆகிறது. பேச்சு இல்லை. வலக்கை, வலக்கால் இல்லை. கண் திறக்கிறார், விழுங்குகிறார். கல்லூரியில் நீண்ட விடுப்பு எடுத்துவிட்டேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டுக்கு வேறொருவர் பாடம் நடத்துகிறார்.

இன்று பக்கத்தில் இடம் மிச்சம் இருக்கிறது. சுவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

அவர் படுத்திருக்கும் பின்னறையின் மேற்குச் சுவர் ஈரமாகிவிட்டது. டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து அறுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கறை. போன வாரம் ஐம்பது இருந்திருக்கும்.

"டீச்சர், சாருக்க கட்டிலு சுவத்தோட ஒட்டிக் கெடக்கு. நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா பொறவு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் தங்கபாய். அவரைக் கவனிக்க வரும் அம்மாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். என்னைவிட அதிகம் பேசுபவள், அது கடினமல்ல.

காரணம் எளிது. மொட்டைமாடித் தண்ணீர் பின்பக்கக் கைப்பிடிச் சுவரிலுள்ள இரண்டு துளைகள் வழியாக நேரே கீழே விழுகிறது. சிமெண்டுத் தரையில் மோதித் தெறித்துச் சுவரில் ஏறுகிறது. குழாய் கிடையாது. நாகர்கோவிலில் இவர் கட்டிய வீடுகளை 'ராபின்சன் வீடு' என்பார்கள். அதன் அடையாளமே, சுவரில் எங்கும் மழைக் குழாய் தெரியாது என்பதுதான். குழாய்கள் தூண்களுக்குள் மறைவாக இறங்கும். "முகத்துல நரம்பு பொடைச்சிக்கிட்டுத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று வருகிறவர்களிடம் கேட்பார். இதுவும் ராபின்சன் வீடுதான், அவருடைய முதல் வீடு. பிறகு ஏன் பின்னால் தண்ணீர் இப்படி விழுகிறது என்று நான் கேட்டதில்லை.

பின்பக்கம் இரண்டு குழாய் வைக்கப் போகிறேன். வெளியே, தெரியும்படி.

அக்டோபர் 9, புதன்

ஞானசிகாமணியின் குழாய்க் கடைக்குப் போனேன். கணக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன். மாடியின் பரப்பு நூற்று முப்பது சதுர மீட்டர். மணிக்கு அறுபது மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு நூற்று முப்பது லிட்டர். நான்கு அங்குலக் குழாய் இரண்டு தாராளம்.

எதனால் ஆன குழாய் என்பதுதான் கேள்வி. துத்தநாகம் பூசிய இரும்பு: கடல் இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர், வெட்டின ஓரத்தில் முதலில் துருப்பிடிக்கும். மெல்லிய பிவிசி: நான்கு கோடையில் வெளுத்து, ஐந்தாவது கோடையில் தேங்காய் மட்டை விழுந்தால் உடையும். வார்ப்பிரும்பு: பழைய மிஷன் பங்களாக்களில் இன்னும் நிற்கிறது, ஆனால் அதன் கனத்தை எங்கள் சுவர் தாங்குமா என்பது சந்தேகம்.

"ராபின்சன் சார் வீட்டுக்கா மேடம்? சாரு வீட்டுல வெளிய பைப்பா? சார் சம்மதிச்சாவளா?"

"அவர் பேசுவதில்லை" என்றேன்.

கடைக்காரர் முகம் சுருங்கியது. பரிகாரமாக ஒரு நகைச்சுவை சொன்னார். "ஆறு கிலோ அழுத்தம் தாங்குத பைப்பு எடுங்க. தடி கனம். மேல ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சிட்டா வெயிலு ஒண்ணும் செய்யாது. நாப்பது வருசம். உங்களயும் என்னயும் அடக்கம் பண்ணிட்டு, பூவும் போட்டுட்டு வரும்."

அதையே எடுத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜாஸ்மின் வந்தாள். ராபின்சனின் ஒரே தங்கை. கையில் நெய்யப்பம், கண்ணில் தண்ணீர். வாரம்தோறும் இரண்டும் உண்டு.

அவள்தான் இந்தக் கை முறையைக் கண்டுபிடித்தாள். அவருடைய இடக்கைக்குள் தன் விரல்களை வைத்துக் கேள்வி கேட்பாள். ஒரு முறை அழுத்தினால் ஆமாம். இரண்டு முறை அழுத்தினால் இல்லை.

"அண்ணா, நான் வந்தது சந்தோசமா?"

அழுத்தினார்.

"பாத்தியளா மைனி! ஒண்ணு. ஒண்ணுதான்!"

போன ஞாயிறு இதை ஆலயத்தில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டினார்களாம். நான் போகவில்லை. வெகு காலமாகப் போவதில்லை.

பிறகு வீட்டுச் செய்திக்கு வந்தாள். மகள் ஆஷ்லிக்கு ஜனவரியில் கல்யாணம். மருமகனுக்கும் இங்கேதான் வேலை என்பதால் மேலே ஒரு மாடி எடுத்து அவர்களை அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாள். மாடிக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. நவம்பர் 28 கூரைக்குக் கான்கிரீட் வார்ப்பு.

"மழைக் காலத்திலா?"

"கல்யாணம் வெயிலப் பாத்தா வரும்? அண்ணன் அப்பமே மாடிக்கும் சேத்துத்தான் தூணு போட்டுத் தந்துச்சு. கண்ண மூடிட்டு எடுக்கலாம்ன்னு காண்ட்ராக்டரே சொல்லுதான்."

போகும்போது பின்பக்கம் இறக்கி வைத்திருந்த குழாய்களைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடை எனக்குத் தெரிந்த இருபது கேள்விகளை எழுதினேன். பத்துக்கு ஆமாம், பத்துக்கு இல்லை, வரிசையைச் சீட்டுப் போட்டுக் கலைத்தேன். தங்கபாய் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்.

நீங்கள் பிறந்தது தக்கலையிலா? உங்கள் தம்பி பெயர் வின்சென்டா? (தம்பி கிடையாது.) நாம் கல்யாணம் செய்தது மே மாதமா? இப்படி.

பதினொன்று சரி. ஒன்பது தவறு. காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்வளவு வரும். இது நரம்பின் அனிச்சைச் செயல், பதில் அல்ல.

நமக்குப் பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு ஒரு முறை அழுத்தினார். தவறான விடைகளில் சேர்த்தேன்.

மாலை ஜாஸ்மினிடம் தொலைபேசியில் சொன்னேன். "படுத்துக் கெடக்க மனுசனுக்குப் பரீட்சையா வச்சிய மைனி?" என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

விடியலிலிருந்து மழை. கஞ்சி 120. கறை அறுபத்தொன்பது. கட்டிலை அறையின் நடுவுக்குத் தள்ளினோம்.

அக்டோபர் 21, திங்கள்

மழை விட்டது. பிளம்பர் ஆசீர் வந்தார். நல்ல வேலைக்காரர், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை. குழாய் வைக்கும் முன் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்க வேண்டும் என்று மாடிக்கு ஏறியவர் என்னையும் மேலே கூப்பிட்டார்.

"மேடம், இது சார் கட்டுன வீடுதான?"

"ஆமாம்."

"அப்பம் நாலு மூலையிலயும் தண்ணி எறங்குத ஓட்டை இருக்கணும்லா? தூணுக்க உள்ள பைப்பு போவணும்லா? ஒண்ணையும் காணல்ல."

சுத்தியல் பிடியால் மூலை ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்க இடது மூலையில் சத்தம் மாறியது. உளியால் அந்த ஓட்டைப் பெயர்த்தார். கீழே துளை இருந்தது. அதில் சாக்கைத் திணித்து மேலே சிமெண்டு வைத்து அடைத்து, கரண்டியால் வழவழப்பாகத் தேய்த்திருந்தது. அடுத்த மூலையிலும் அப்படியே. நான்கிலும்.

"அடைச்ச ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல. எப்பிடித் தேச்சிருக்கு பாருங்க. வாட்டத்தையும் பின்னால மாத்தியாச்சு." தலையைச் சொறிந்தார். "நல்லா இருக்க பைப்ப எவனாவது அடைப்பானா மேடம்?"

மாடியில் வெள்ளை ஓடு பதித்தது கோடைச் சூட்டுக்காக. பத்து நாள் வேலை. கடைசி இரண்டு நாள் ஆட்களை அனுப்பிவிட்டு மூலைகளை ராபின்சனே பதித்தார், தொப்பி வைத்துக்கொண்டு, தனியாக. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுக்கெல்லாம் என் கைதான் வேணும் ரோஸ்லெட்" என்றார்.

சூடு குறையவும் செய்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

அவருடைய கோப்புகளைப் பார்த்தேன்.

ஓடு வாங்கிய ரசீது: 2017 மே 11.

ஜாஸ்மின் வீட்டு வரைபடம், அவர் கையெழுத்துடன்: 2019 பிப்ரவரி 4. நான்கு தூண்களின் நடுவிலும் சிறிய வட்டம். பக்கத்தில் அவருடைய சுத்தமான எழுத்தில், 'மழைக் குழாய், உள்ளே.'

வேறு ஒன்றும் எழுத இல்லை. கஞ்சி 150. இளநீர் 100.

அக்டோபர் 24, வியாழன்

முன் தூணில் ஒட்டியிருக்கும் கல் ஒன்று உப்பி நிற்பதாக ஆசீர் சொன்னார். எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன்.

கல் கையோடு வந்தது. பின்னால் கான்கிரீட் நெடுக்கே வெடித்திருந்தது. உளி வைத்து ஓரடி நீளத்துக்குத் திறந்தார். உள்ளே இருந்த குழாய் வயர் கொண்டுபோகிற குழாயைவிடக் கொஞ்சம்தான் கனம். மூட்டில் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பிகள் பொருக்குப் பொருக்காக உரிந்தன. உரசி எடுத்துவிட்டு, வீட்டிலிருந்த வெர்னியர் கருவியால் அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கம்பி ஏழு புள்ளி ஒன்று. கட்டிய 2008 முதல் அடைத்த 2017 வரை, ஒன்பது மழைக்காலங்கள்.

"விழுமா?" என்று கேட்டேன்.

"இது விழாது. மேல பாரம் கொறவுல்லா, ஒத்தத் தட்டுதான. துருவத் தட்டி, மருந்து பூசி, சுத்தி வலை வச்சுப் பூசுனா நின்னுக்கிடும்." எழுந்து கைத்தூசியைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இதுக்கு மேல மாடி கீடி எடுத்துராதிய."

படம் எடுத்து வைக்கவா என்று செல்போனை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். ஓடு பதிப்பதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு முன்னால். தூணில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. கல் ஒட்டினால் அழகாக இருக்கும் என்றார். மாதிரிகளை மேசையில் பரப்பினார். இளமஞ்சள் என்று சொன்னேன். கோடு எதனால் வந்தது என்று ஒரு இயற்பியல் ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 26, சனி

தூணைச் சரிசெய்து பூசி, கல்லைத் திரும்ப ஒட்டியாயிற்று. நாளை இங்கே வீட்டு ஜெபக்கூட்டம். நாற்பது பேர் வருகிற வாசலில் குடைந்த தூண் நிற்கக் கூடாது என்பதுதான் அவசரத்துக்குக் காரணம்.

அக்டோபர் 27, ஞாயிறு

போதகர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தார். கண் மூடாமல் இருந்தவர்கள் நானும் ராபின்சனும் மட்டும்.

"ஆண்டவரே, இந்தக் கைகள் கட்டின வீடுகளெல்லாம் நிலைத்திருக்கச் செய்யும். அவற்றுக்குள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாய்க் குடியிருக்கச் செய்யும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாயும் அசைந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஜாஸ்மின் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

டீ கொடுக்கும்போது சொன்னாள். "தூணுல அந்தக் கல்லு இப்பமும் புதுசு மாதியே இருக்கு மைனி. எங்க வீட்டுத் தூணுக்கும் இதே நெறத்துல ஒட்டப் போறேன். கீழ கொஞ்சம் வெள்ள வெள்ளயாப் பூத்துட்டு வருது, மறைஞ்சிரும்."

தட்டில் முறுக்கு இல்லை என்று உள்ளே போனேன். முறுக்கு இருந்தது.

நவம்பர் 2, சனி

குழாய் வைத்தாயிற்று. பின்பக்கம் இரண்டு. ஆறடிக்கு ஒரு கிளாம்பு போதும் என்றார் ஆசீர், நாலடிக்கு ஒன்று போடச் சொன்னேன். சுவரை ஒட்டாமல் ஓரங்குலம் தள்ளி நிற்கிறது. அப்போதுதான் பின்னால் ஈரம் தங்காது, பிளந்தால் உடனே தெரியும். மேல் வாயில் இலை தடுக்க வலை. கீழே சட்டென மடங்கும் எல்போ வேண்டாம், நீளமாக வளையும் பெண்டு. அங்கிருந்து எட்டடி தள்ளித் தென்னைக் குழிக்குப் போகிறது. வெளியே சாம்பல் நிறப் பெயிண்டு இரண்டு கோட்டு.

மாடியில் நாற்பது குடம் ஊற்றிப் பார்த்தோம். ஒரு மூட்டும் கசியவில்லை. பல மாதங்களில் இந்த வீட்டில் ஒழுங்காக முடிந்த ஒரே வேலை.

"பாக்க ஆஸ்பத்திரி மாதி இருக்கு டீச்சர். ஆனா சாருக்க முதுகு இனிக் காஞ்சு கெடக்கும்" என்றாள் தங்கபாய்.

கறை அறுபத்தாறு. குறைய ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

ஜாஸ்மினிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்பதுதான் நிச்சயமாக இல்லை. ஒரே ஒரு தூணில் ஓரடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்து இன்னொரு வீட்டின் நான்கு தூண்களைப் பற்றிப் பேசுவது, மாணவி எவளாவது ஆய்வேட்டில் எழுதியிருந்தால் சிவப்பில் கோடு போட்டிருப்பேன். அந்த வீட்டுக்கு வயது ஐந்துதான். 2017க்குப் பிறகு அவர் கனமான குழாய்க்கு மாறியிருக்கலாம். மாறியிருந்தால், வரைபடத்தில் எழுதியிருப்பார். எல்லாவற்றையும் எழுதுகிறவர்.

தெரிந்தவர் ஏன் தங்கைக்கும் அப்படியே கட்டினார்? அவள் கேட்டிருப்பாள்: "உங்க வீடு மாதியே வேணும்ண்ணா, பைப்பு தெரியக் கூடாது." வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் ஊரில் அவர் கட்டிய இருபத்திரண்டு வீடுகளுக்கும் சொல்ல வேண்டும்.

ஆசீர் கொல்லத்தில் ஒரு கட்டட வேலைக்குப் போய்விட்டார். ஜனவரியில்தான் வருவாராம். தொலைபேசி எண் இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

பார்த்தால் நிச்சயமாகும் என்று ஜாஸ்மின் வீட்டுக்குப் போனேன். கல்யாண வீட்டின் குழப்பம். பட்டுப்புடவைகள் கட்டில் முழுக்க, வரவேற்பறையில் சிமெண்டு மூட்டைகள்.

சாப்பாட்டு அறையின் மூலைத் தூணில் அரையாள் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு, நேர்கோடாக, காலண்டருக்குப் பின்னால் போய் மறைந்தது. காலண்டரை நகர்த்திப் பார்க்கவில்லை. மாடியில் பலகையடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த் தூண்களின் குழாயை மேல் தூண்களுக்குள்ளும் நீட்டி ஏற்றியிருந்தார்கள்.

"வார்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மைனி?"

"மழை."

சிரித்துவிட்டாள். "பத்திரிக அடிச்சாச்சு, மாப்பிள வீட்டுக்காரங்க கட்டிலு பீரோவெல்லாம் அளவெடுத்துட்டுப் போயாச்சு. மழைக்குப் பயந்தா நாரோயில்ல குடியிருக்க முடியுமா?"

ஆஷ்லி மாடிப்படியில் நின்று தன் அறை எங்கே வரும் என்று காற்றில் கைகாட்டினாள். "அத்தே, ஜன்னலு இந்தப் பக்கம். மலை தெரியும்."

நல்ல இடம் என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று சொன்னேன்.

ஜாஸ்மின் வழக்கம் போல ஆராதனை முடிந்து வந்தாள். தங்கபாயை வெளியே அனுப்பினேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வரிசையாகச் சொன்னேன்: மாடியில் அடைத்த துளைகள், தூணுக்குள் பிளந்த குழாய், கம்பியின் அளவு, இரண்டு தேதிகள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பேசுவது போலப் பேசினேன். அது உதவவில்லை.

"உங்க தூணக் காட்டுங்க" என்றாள்.

"பூசியாயிற்று."

"படம்?"

"எடுக்கவில்லை."

"பாத்தது யாரு?"

"ஆசீர். கொல்லத்தில் இருக்கிறார்."

மாடிக்கு அழைத்துப்போய் அடைத்த துளைகளைக் காட்டினேன். "ஓடு போடும்போ எல்லாருந்தான் அடைப்பாவ" என்றாள். இந்த நோட்டைக் காட்டினேன். "இது நீங்க எழுதுனதுதான?" என்றாள். ஆசீரின் எண்ணை எடுத்தேன். மூன்று முறை அடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை.

"மைனி, உங்களுக்கு வெளிய பைப்பு வச்சாச்சு. அதுக்கு ஒரு காரணம் வேணும். அதுக்காக எங்கண்ணன உசுரோட பொதைக்கணுமா? அவன் கட்டுன வீட்டுக்குள்ள பதினாறு வருசம் மகாராணி மாதி இருந்திய. ஒரு நாளு ஒரு கொற சொன்னியளா? இப்பம் வாயில்லாமக் கெடக்கான்னு சொல்லுதிய."

குறை சொன்னதில்லை. அது உண்மை.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கீழே வந்து, முழங்கால் போட்டு, அவர் இடக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்தாள்.

"அண்ணா. நான் ஜாஸ்மின். எனக்க வீட்டுத் தூணு நல்லாத்தான இருக்கு? மேல மாடி எடுக்கலாமா?"

அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தாரா, அவளுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கும் சுவரைப் பார்த்தாரா, தெரியவில்லை.

அழுத்தினார்.

காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை.

அவள் அந்தக் கையில் முத்தமிட்டு அழுதாள். "போதும்ணா, போதும்." எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபதில் பதினொன்று என்று சொன்னேன். அதற்கு அர்த்தமில்லை, அது நரம்பு, அதை நம்பி ஆஷ்லியை அங்கே படுக்க வைக்காதே என்று சொன்னேன். இந்த முறை குரல் உயர்ந்தது.

"உங்களுக்கு அழுத்தினா அது நரம்பு மைனி. எனக்கு அண்ணன்" என்றாள்.

நவம்பர் 25, திங்கள்

கஞ்சி 150. இளநீர் 100. சிறுநீர் 450.

ஆசீர் திரும்பக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி ஜாஸ்மினின் எண்ணைக் கொடுத்தேன். அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டார். "சொன்னேன் மேடம். 'மைனி சொல்லித் தந்தாவளா'ன்னு கேட்டுட்டு வச்சிட்டாவ."

காண்ட்ராக்டரையும் கூப்பிட்டேன். ராபின்சன் சார் போட்ட தூணில் சந்தேகப்படுகிற அளவுக்குத் தான் படிக்கவில்லை என்றார்.

நவம்பர் 28, வியாழன்

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. விடியற்காலையே ஜாஸ்மின் கார் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதையும் அவள் முகம் காட்டவில்லை. அவள் நல்ல பெண். என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள்.

கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. போதகர் ஜெபித்தார். வார்ப்புக்கு முதல் சட்டியை வீட்டுக்கு மூத்தவர் கொட்ட வேண்டும்.

"அண்ணன் இடத்துல நீங்கதான் போடணும் மைனி" என்றாள் எல்லோர் முன்னாலும்.

சட்டியை என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. கீழே மூலைத் தூண் இருந்த இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. கம்பி வலைக்கு நடுவே அதன் குழாய் வாய் திறந்து மேலே பார்த்தது. கலவை உள்ளே போகாமல் இருக்க அதில் காகிதம் திணித்திருந்தார்கள்.

அந்தக் காகிதத்தைப் பிடுங்கிவிட்டுச் சட்டியை அதற்குள் கொட்டியிருக்கலாம். ஒரு குழாயாவது அடைபட்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அல்லது அங்கேயே தோன்றியதா, நினைவில்லை.

நடுவில் கொட்டினேன். கைதட்டினார்கள். ரவா கேசரியும் வடையும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

நேற்று மாலையிலிருந்து விடாத மழை. புயல் சின்னம் என்கிறார்கள். பள்ளி கல்லூரி விடுமுறை. தங்கபாய் வர முடியவில்லை. கஞ்சி நானே வைத்தேன், 140.

குழாய்கள் நன்றாக வேலை செய்கின்றன. குடையோடு போய்ப் பார்த்தேன். மூட்டு ஒன்றும் கசியவில்லை, கிளாம்பு ஒன்றும் அசையவில்லை. வீட்டின் மேல் விழுகிற அவ்வளவு தண்ணீரும் சுவரைத் தொடாமல் இறங்கி எட்டடி தள்ளிப் போகிறது. சுவர்க் கறை ஐம்பத்தொன்று. கிறிஸ்துமஸுக்குள் வெள்ளை அடிக்கலாம்.

ஜாஸ்மின் தொலைபேசியில் பேசினாள். புது வார்ப்புக்கு வானமே தண்ணீர் ஊற்றுகிறது, கர்த்தருடைய கிருபை என்றாள். வரம்பு கட்டித் தேக்கி வைத்திருக்கிறார்களாம். மிச்சம் தூணுக்குள் அழகாக இறங்கிப் போகிறதாம். "சத்தங்கூட கேக்கல்ல மைனி."

இங்கே கேட்கிறது. வெளிக்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் பின்னறையில் பெரிதாகக் கேட்கிறது. இதைத்தான் அவர் விரும்பியதில்லையோ என்னவோ. அவர் கண் ஜன்னல் பக்கம் போய் அங்கேயே நின்றது. என்ன சத்தம் அது என்று தெரிந்துகொண்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க என்னிடம் முறை எதுவும் இல்லை.

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. தெரிந்தேதான் செய்தீர்களா என்பது. அக்டோபர் 22லிருந்து அதைக் கேட்காமலே கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கேட்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு முறை அழுத்தினார்.

மழை விடும் வரை, இரண்டாவது வருமா என்று கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.